பேரிளம்பெண்ணுக்குப் பிறகு

சிராங்கூன் சாலையில் ஒரு பெண்ணின் வயதை முதலில் அறிவிப்பவர்கள் பூக்கடைக்காரர்கள். இருபதுகளில் நான் அங்கே "தங்கச்சி". முப்பதைத் தாண்டியதும் "அக்கா" ஆனேன். கூப்பிடுகிறவருக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும், இருந்தாலும் அக்காதான். அதில் எனக்கு வருத்தமில்லை. அக்கா என்பது ஒரு பதவி. பிறகு நாற்பத்தொன்றில் ஒருநாள், மல்லிகைப்பூ சுற்றிக்கொண்டிருந்த ஒரு பையன் நிமிர்ந்து பார்த்து, "வாங்கம்மா, என்ன வேணும்?" என்றான்.

தமிழில் ஐந்து வயதுக் குழந்தையையும் "அம்மா" என்போம். "சாப்பிட்டியாம்மா" என்று என் அப்பா கடைசிவரை கேட்டார். ஆனால் அது வேறு அம்மா, அதில் கொஞ்சல் இருக்கும். பூக்கடைப் பையனின் அம்மாவில் மரியாதை மட்டும்தான் இருந்தது. அந்த மரியாதைதான் பிரச்சினை. யாராவது நம்மை முழு மரியாதையோடு பார்க்கத் தொடங்கும்போது, வேறு விதமாகப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று அர்த்தம்.

மற்ற மொழிகளிலும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான் இது நடந்தது. காப்பிக் கடையில் "மிஸ்" போய் "ஆன்ட்டி" வந்தது. "சியாவ் மெய்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த மீ கடைக்காரர் இப்போது எதுவும் சொல்லாமல் தட்டை நீட்டுகிறார். பல மொழி பேசும் நாட்டில் வாழ்வதன் சிறு துன்பம், செய்தி எல்லா மொழிகளிலும் வந்து சேரும்.

நம் இலக்கணக்காரர்கள் இதற்குக் கணக்கே வைத்திருந்தார்கள். உலா இலக்கியம் படித்தவர்களுக்கு ஏழு பருவங்கள் தெரியும். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். பேதைக்கு ஐந்து வயதில் தொடங்கும் பட்டியல் பேரிளம்பெண்ணுக்கு 40 வயதோடு முடிகிறது. தலைவன் வீதியில் பவனி வருவான், ஏழு பருவத்துப் பெண்களும் அவனைப் பார்த்து மயங்குவார்கள். ஐந்து வயதுக் குழந்தையை அந்தப் பட்டியலில் சேர்த்ததை இன்று படிக்கச் சகிக்கவில்லை, அது தனியாகப் பேச வேண்டியது. ஆனால் 32 முதல் 40 வரை உள்ளவளுக்கு அவர்கள் வைத்த பெயரைக் கவனியுங்கள். பெயருக்கு நடுவில் "இளம்" உட்கார்ந்திருக்கிறது. அவளுக்கு ஆசை உண்டு என்பதில் ஒட்டக்கூத்தருக்குச் சந்தேகமே இல்லை. மூவருலாவில் மற்ற ஆறு பேரைப் போலவே அவளும் தெருவுக்கு வருகிறாள், மயங்குகிறாள், யாரும் அவளைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பன்னிரு பாட்டியல் ஆண்களுக்கும் பருவம் சொல்கிறது. முப்பது வரை விடலை. அதற்கு மேல் போனால் முதுமகன். அதாவது 33 வயதில் பெண் பேரிளம்பெண், ஆண் கிழவன். பின்னால் எப்போது இது தலைகீழானது என்று ஆராய எனக்குத் தகுதியில்லை. இப்போது புழக்கத்தில் இருக்கும் சொற்கள்தான் தெரியும். பெண்ணுக்கு "முதிர்கன்னி". ஆணுக்கு "இன்னும் செட்டில் ஆகல".

41 வயதுக்காரிக்கு உலாவில் பெயர் இல்லை. நான் படித்த வரையில் அவள் சன்னலுக்குக்கூட வருவதில்லை.

டேட்டிங் செயலிகளில் வயது வரம்பைக் குறிக்க ஒரு கோடும் அதில் இரண்டு புள்ளிகளும் இருக்கும். மனிதர்களுக்கு முழு எண்கள்மேல் ஒரு பிரியம். 35இல் நிறுத்துவார்கள், இல்லை என்றால் 40இல். 42இல் புள்ளியை நிறுத்திய ஆணை நான் சந்தித்ததில்லை. அதனால் நாற்பது முடிந்த மாதம், முகத்தில் ஒரு கோடும் கூடாமலே, நான் பல திரைகளிலிருந்து ஒரே இரவில் மறைந்துபோனேன். வாரத்துக்குப் பத்துப் பதினைந்து பேர் வந்த இடத்தில் இரண்டு பேர். அந்த இரண்டில் ஒருவருக்கு வயது ஐம்பத்தெட்டு, தன்னைத் "துடிப்பான இளைஞர்" என்று எழுதியிருந்தார். பாட்டியல் நூல்கள் உலாத் தலைவனுக்கு 48 வரை அனுமதி தந்தது நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்தில் ஒரு நிதானம் இருந்திருக்கிறது.

சிங்கப்பூரில் தமிழருக்கு இன்னொரு சிக்கல். மக்கள்தொகையில் இந்தியர்கள் சுமார் 9 விழுக்காடு, அதில் தமிழர், அதில் நாற்பதுகளில் திருமணமாகாதவர் அல்லது பிரிந்தவர் என்று வடிகட்டிக்கொண்டே வந்தால் மிஞ்சுகிறவர்களை ஒரு பேருந்தில் ஏற்றிவிடலாம் போலிருக்கும். நான் இடதுபக்கம் தள்ளிய ஒருவர் என் சித்தப்பாவின் பழைய மாணவர். இன்னொருவரின் மகள் என்னிடம் துணைப்பாட வகுப்புக்கு வந்தவள். அவருடைய படம் திரையில் வந்தபோது அந்தப் பெண்ணின் கட்டுரை நோட்டு என் மேசையில் திருத்தப்படாமல் கிடந்தது.

இந்த நாட்டில் தனியாக இருப்பது முற்றிலும் சொந்த விஷயமாக எப்போதும் இருந்ததில்லை. நான் ஒரு வயதுக் குழந்தையாக இருந்தபோது, 1983 தேசிய தின உரையில், படித்த பெண்கள் பலர் மணம் செய்யாமல் இருப்பதைப் பற்றி லீ குவான் இயூ கவலைப்பட்டார். அடுத்த ஆண்டே பட்டதாரிகளுக்குத் துணை தேட அரசாங்கமே ஓர் அமைப்பைத் தொடங்கியது. எஸ்டியு என்ற அந்தப் பெயர்ச்சுருக்கத்துக்கு மக்கள் கொடுத்த விரிவாக்கம் "சிங்கிள், டெஸ்பரேட், அக்லி". எங்கள் வீட்டில் அத்தை ஒருவர் அவர்களுடைய படகுப் பயணம் ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, "நல்ல சாப்பாடு" என்று மட்டும் சொன்னதாக ஒரு கதை உண்டு. அத்தை கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தச் சாப்பாட்டுக் கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். முப்பது ஆண்டுகள் தாதியாக வேலை பார்த்தவர். அதைப் பற்றி ஒரு கதைகூட இல்லை.

உலாவைப் போலவே அரசாங்கமும் பருவம் பிரிக்கிறது. தனியாள் வீவக வீடு வாங்க 35 ஆக வேண்டும். 1991 முதல் மறுவிற்பனை வீடு வாங்கலாம் என்றார்கள். கழகத்திடமே புதிதாக ஈரறை வீடு வாங்கும் அனுமதி 2013இல்தான் வந்தது, அதுவும் முதிர்ச்சியடையாத பேட்டைகளில் மட்டும். (முதிர்ச்சியடைந்தவர்களை முதிர்ச்சியடையாத பேட்டைக்கு அனுப்பியதில் உள்ளர்த்தம் எதுவும் இருந்திருக்காது.) 2024 அக்டோபரிலிருந்து எங்கும் வாங்கலாம். கருமுட்டையைச் சேமித்து வைக்க 2023 ஜூலையில் அனுமதித்தார்கள், 37 வயது வரை. கதவு திறந்தபோது எனக்கு 41. ஒரு தோழி அந்தச் செய்தியை அனுப்பி, கீழே அழுகிற முகம் ஒன்றைப் போட்டிருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. எனக்குக் குழந்தை வேண்டும் என்று தோன்றிய காலம் ஒன்று இருந்தது, அது போய்விட்டது, போனது எப்போது என்றுகூடத் தெரியவில்லை. ஆனால் மற்றவர்கள் அந்த இடத்தில் எனக்காக ஒரு துக்கத்தைத் தயாராக வைத்திருக்கிறார்கள். வாங்கிக்கொள்ளாவிட்டால் அவர்களுக்குச் சங்கடமாகிவிடுகிறது.

அப்படித்தான் 2017இல், 35 ஆனதும், பொங்கோலில் வீட்டுக்கு விண்ணப்பித்தேன். சாவி கையில் வந்தது 2022 மார்ச்சில். 47 சதுர மீட்டர், 99 ஆண்டுக் குத்தகை. லிட்டில் இந்தியாவிலிருந்து வடகிழக்குப் பாதையில் பத்தாவது நிறுத்தம். ஒரு காலத்தில் பன்றிப் பண்ணைகள் இருந்த இடம். மரத்தில் குச்சியை வீசிப் பழம் உதிர்ப்பதற்கான மலாய்ச் சொல்லிலிருந்து ஊர்ப்பெயர் வந்தது என்பார்கள். செயலியில் விரலால் தள்ளிக்கொண்டிருந்த இரவுகளில் அந்தப் பெயர்க்காரணம் எனக்கு மிகவும் பொருத்தமாகப் பட்டது.

பொங்கோல் இளம் குடும்பங்களின் ஊர். வாட்டர்வே பாயிண்ட் கடைத்தொகுதியில் சனிக்கிழமை நடந்தால் தள்ளுவண்டிகளுக்கு நடுவே போக்குவரத்து விளக்கு வைக்க வேண்டும் போலிருக்கும். மின்தூக்கியில் ஒரு பாட்டி கேட்டார், "உங்க பிள்ளைங்க எந்த ஸ்கூல்?" எனக்குப் பிள்ளைகள் இல்லை என்றேன். அடுத்த கேள்வி இல்லை. அவர் மெல்ல என் கையைத் தொட்டார். ஏழாவது மாடியிலிருந்து தரைவரை அந்தக் கையோடு இறங்கினேன். அவருக்கு நான் ஒரு துயரக் கதை. எனக்கு அன்றைக்கு மீன் வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது ஒருவர் இருக்கிறார். 46 வயது. பதினான்கு ஆண்டுத் திருமணம் முடிந்துவிட்டது, பதின்ம வயதில் ஒரு மகன். செங்காங்கில் நாலறை வீடு. செயலியில் பார்த்ததல்ல, ஒரு நூல் வெளியீட்டில் உளுந்து வடைக்கான வரிசையில் பழக்கமானவர். முதல் மூன்று சந்திப்புகளில் நாங்கள் பேசியதை இருபத்தைந்து வயதுக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். அவருக்கு இரத்த அழுத்த மாத்திரை, எனக்கு மூட்டுவலி, அவருடைய அப்பாவுக்கு மறதி நோய், என் அம்மாவுக்கு டயாலிசிஸ். யாருக்கு எந்தக் கிழமை முடியாது என்று கைபேசியில் நாள்காட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டோம். இதில் காதல் எங்கே என்று கேட்பீர்கள். செவ்வாய்க்கிழமை என் அம்மாவின் டயாலிசிஸ் நாள் என்பதை அவர் மறுமுறை கேட்கவில்லை. அந்த நாளில் மாலை ஆறு மணிக்கு, "முடிஞ்சுதா? ஒழுங்கா சாப்பிடு" என்று ஒரு செய்தி வந்துவிடும். இருபத்தைந்தில் இதை நான் காதல் என்று எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

அவர் தன் நண்பர்களிடம் சொன்னபோது தோளில் தட்டினார்களாம். "பரவால்லடா, பிழைச்சுக்கிட்ட." நான் என் தோழிகளிடம் சொன்னபோது ஒருத்தி கேட்டாள், "பணம் ஏதாச்சும் கேட்டானா?" இன்னொருத்தி, "வீடியோ கால்ல முகத்தப் பாத்தியா?" செங்காங்கில் இருக்கிற மனுஷன், போன வாரம் என்னோடு உட்கார்ந்து தோசை சாப்பிட்டவர் என்றேன். "எதுக்கும் 1799க்கு ஒரு போன் பண்ணிக் கேளு" என்றாள். 1799, மோசடி உதவி எண். சுவரொட்டிகளிலும் தொலைக்காட்சி எச்சரிக்கைகளிலும் பார்த்துப் பழகிய உருவம் அவள் மனதில் இருக்கிறது: நடுவயது, தனியாள், பெண், ஏமாந்தவள். காதல் மோசடி உண்மையானது, சேமிப்பு முழுதும் இழந்தவர்கள் உண்டு, எச்சரிப்பது சரிதான். ஆனால் 43 வயதுப் பெண்ணை ஒருவன் விரும்புகிறான் என்றால் அதற்கு முதல் விளக்கம் குற்றமாகத்தான் இருக்க வேண்டும் என்று, என்மேல் அக்கறையுள்ளவர்களே நினைப்பது வேறு விஷயம். அவர்கள் அவரைச் சந்தேகப்படவில்லை. என்னைத்தான்.

அண்ணன் வேறு மாதிரி. "இந்த வயசுல எதுக்கு?" என்றார். பிறகு சற்று யோசித்து, "அப்போ அம்மாவ யார் பாத்துக்கறது?" என்றார். இரண்டாவது கேள்விதான் உண்மையான கேள்வி. மணமாகாத மகள் என்பது குடும்பத்துக்கு ஒரு காப்புறுதித் திட்டம். சந்தா கட்டுவது அவள், பயன்பெறுவது மற்றவர்கள். அம்மாவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன், இனியும் பார்த்துக்கொள்வேன், அதில் எனக்குப் பேரம் இல்லை. ஆனால் என் மாலைகளுக்கு உரிமை கேட்க இன்னொருவர் வந்த பிறகுதான், அந்த மாலைகள் காலியானவை என்று அண்ணன் இத்தனை காலம் எண்ணியிருந்தது எனக்குத் தெரிந்தது. நானும் குரலை உயர்த்தாமல் சொன்னேன்: வியாழனும் ஞாயிறும் இனி உங்களுடையது அண்ணே. மூன்று வாரம் பேசவில்லை. நான்காவது வியாழன் வந்தார்.

அம்மா எதுவும் சொல்லவில்லை. டயாலிசிஸ் நாற்காலியில் கண்ணை மூடியபடி, "அந்தப் பையன் எப்படி, கோபக்காரனா?" என்று மட்டும் கேட்டாள். 46 வயது ஆளை "பையன்" என்று சொல்ல அவள் ஒருத்தியால்தான் முடியும்.

மீதமிருப்பது வீடு. திருமணம் என்று வந்தால் கணவன் மனைவிக்கு ஒரு வீவக வீடுதான். அவருடைய நாலறையில் மகனுக்கு ஓர் அறை வேண்டும், அவன் அப்பாவைப் பார்க்க வரும் வார இறுதிகளுக்கு. என் ஈரறையில் மூன்று பேர் முடியாது. கணக்குப்படி எது போக வேண்டும் என்று எனக்கே தெரிகிறது. ஆனால் இருபத்தைந்தில் கல்யாணம் செய்திருந்தால் ஒரு பெட்டியோடு போயிருப்பேன். இப்போது என்னிடம் நானே தேர்ந்தெடுத்த தரை ஓடுகள் இருக்கின்றன, காலை ஏழு மணிக்கு வெயில் வந்து விழும் ஒரு சமையலறை மேடை இருக்கிறது, ஒருவரும் எந்தப் பொருளையும் இடம் மாற்றி வைக்காத அலமாரிகள் இருக்கின்றன. இவற்றைச் சம்பாதித்தது எந்த உலாவிலும் பெயர் இல்லாத ஒருத்தி. அவரிடம் இதைச் சொன்னேன். உடனே ஆறுதல் சொல்லாமல், "எனக்கும் என் அலமாரியை யாரும் தொட்டாப் பிடிக்காது" என்றார். சிரித்துவிட்டு, இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். அது நல்ல மௌனம் என்று சொல்ல மாட்டேன்.

வீவக விதிப்படி சாவி வாங்கி ஐந்து ஆண்டுகள் குடியிருந்தால்தான் விற்க முடியும். என் கெடு 2027 மார்ச்சில் முடிகிறது. அதற்கு முன் நான் விரும்பினாலும் விற்க இயலாது, யாரும் என்னை அவசரப்படுத்தவும் இயலாது. இதற்கு முன் எந்த அரசாங்க விதியையும் நான் இவ்வளவு பிரியத்தோடு படித்ததில்லை.