சிறிய அறையும் அகலக்கோண வில்லையும்

செய்தியாளர்கள் மனிதர்களைச் சந்திப்பது பெரும்பாலும் சிறிய அறைகளிலேதான். கதிரையைச் சுவரோடு ஒட்டிப் போட்டாலும் இருவரை ஒரே சட்டத்துள் அடக்க முடிவதில்லை. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த சோனி வி.எக்ஸ். 2000 வீடியோ கமராவை இன்றும் வைத்திருப்போர் இதனை அறிவர். அதன் மிக அகன்ற பார்வையே 35 மி.மீ. நிழற்படக் கமராவில் 43 மி.மீ. வில்லை தரும் பார்வைக்குத்தான் ஈடானது. முன்புறத்தில் 0.7 மடங்கு அகலக்கோணக் கன்வேர்ட்டரைத் திருகினால் அது 30 மி.மீ. ஆகிறது. அறைக்கு அது போதும்.

0.5 மடங்கு வில்லைகள் இன்னும் அகலமாகக் காட்டும். ஆனால் மலிவானவற்றில் கதவுநிலை வளையும், மூலைகள் இருளும், சூம் செய்தால் முகம் தெளிவிழக்கும். வாங்குமுன் கமராவின் திருகிழை விட்டத்தைப் பாருங்கள். இந்தக் கமராவுக்கு அது 58 மி.மீ. கடை வாசலின் கதவுநிலையையே படமெடுத்துச் சோதியுங்கள். சூமை முழுவதும் இழுத்தும் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. அகலக்கோணம் அறையைப் பெரிதாக்கிக் காட்டும். பத்தடிக் கொட்டிலில் ஒரு குடும்பம் நெருக்குண்டு வாழ்வதைச் சொல்லவேண்டிய படம், அக்கொட்டிலை மண்டபமாக்கிவிடக் கூடாது. ஆகவே எனது தெரிவு 0.7 மடங்குதான்.