ரயிலடி வரை செல்லும் வழி

தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த எனக்குத் தலைநகரத்து வண்டிகளின் மீது என்றுமே தனி ஈடுபாடு உண்டு. 1975ஆம் ஆண்டு முதல் 1998ஆம் ஆண்டு வரை கோலாலம்பூரில் ஓடிய மினி பஸ்களை அறியாத பெற்றோர் நம்மிடையே இரார். எவ்வளவு தொலைவு சென்றாலும் ஒரே கட்டணம். நெரிசலோ மிகுதி, ஓட்டுநரின் வேகமோ வயிற்றைக் கலக்கும். ஆயினும், ஒன்று போனால் பின்னால் மற்றொன்று வரும் என்ற நம்பிக்கை நமக்கிருந்தது.

1996இல் அம்பாங் தடத்தில் இலகு ரயில் ஓடத் தொடங்கிற்று. 1998இல் கிளானா ஜெயா தடத்தில் ஓட்டுநரே இல்லாத வண்டி வந்தது. அதன் முன் கண்ணாடியருகே நின்று, தண்டவாளம் நம்மை நோக்கி ஓடி வருவதைக் காண்பதில் சிறுவர்களுக்கு உள்ள ஆசை எனக்கும் உண்டு. 2003இல் மோனோரயிலும், 2016 இறுதியில் எம்.ஆர்.டி.யும் வந்தன. 2023இல் புத்ராஜெயா தடமும் முழுமை பெற்றது. ஐம்பது வெள்ளிக்கு முப்பது நாள் வரம்பின்றிச் செல்லும் பயண அட்டையும் குடிமக்களுக்குக் கிடைத்தது. ஏழைக்கு இது பேருதவி என்பதில் ஐயமில்லை.

எங்கள் அடுக்குமாடியில் ஓர் அக்காள் குடியிருக்கிறார். பால் வெட்டிய தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறிய பின்னர் இங்கு வந்தவர். நகரில் துப்புரவுப் பணி. அவரிடம் இந்த ரயில்களைப் புகழ்ந்து பேசினேன்.

"ஏறிட்டா கவலையே இல்ல, வாத்தியாரையா. ரயிலடிக்குப் போய்ச் சேர்றதுதான் பெரும்பாடு" என்றார்.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் விடியற்காலை அவருடன் சென்று பார்த்தேன். நிறுத்தத்தில் கூரை இல்லை. ஒரு கம்பமும் பலகையுமே இருந்தன. நாற்பது நிமிடம் நின்றோம். பின்பு இரண்டு பேருந்துகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வந்தன! ரயிலடியிலோ ஐந்து நிமிடம்கூடக் காத்திருக்கவில்லை. மாதத்தில் சில நாள் இவ்வாறு தாமதமானால் அக்காளுக்குரிய வருகைப்படி போய்விடுமாம். அது அவர் வீட்டு அரிசிச் செலவு.

இரண்டு பேருந்துகள் ஒருசேர வருவதேன் என்று மாணவர்கள் கேட்கலாம். முதல் பேருந்து நெரிசலில் சிக்கிச் சற்றுத் தாமதமாகிறது. அதற்குள் நிறுத்தங்களில் ஆட்கள் பெருகிவிடுகின்றனர். அனைவரும் ஏறி முடிப்பதற்குள் அது மேலும் தாமதமாகிறது. பின்னால் வரும் பேருந்துக்கோ ஏற்றிக்கொள்ள ஆளில்லை. விரைந்து வந்து முன்னதைப் பிடித்துவிடுகிறது. ஓட்டுநர்மேல் கோபிப்பதில் பயனில்லை. பேருந்துக்கென்று தனித்தடம் ஒதுக்கி, அதில் கார்கள் நுழையாமல் காத்தால் பாதி நோய் தீரும். பின்னால் வருவதைச் சற்று நிறுத்தி, இடைவெளி விட்டு அனுப்பினால் மீதியும் குறையும். பத்து நிமிடத்துக்கு ஒன்று ஒழுங்காக வந்தால், மக்கள் சராசரியாக ஐந்து நிமிடம் நின்றால் போதும். புதிய ரயில் தடத்துக்கு ஆகும் செலவில் இது சிறு துளியே. ஆனால் திறப்பு விழாவுக்கு ஏற்ற காரியமன்று, அதனால்தானோ என்னவோ பின்தங்கிக் கிடக்கிறது.

அக்காளின் மூத்த மகனுக்கும் நகரில் வேலை கிடைத்துள்ளது. பேருந்தை நம்ப முடியாது என்று தவணையில் மோட்டார் சைக்கிள் வாங்கத் துடிக்கிறான். நம் நாட்டுச் சாலை விபத்துகளில் மாண்டோரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பதை அக்காள் படித்து அறிந்தவரல்லர். ஆனால் இதே அடுக்குமாடியில் இரண்டு சாவு வீடுகளுக்குச் சென்று வந்தவர். "தீபாவளி வரைக்கும் பொறுடா" என்று சொல்லி வைத்திருக்கிறார். அதுவரை தாயும் மகனும் ஐந்து மணிக்கே இறங்கி, அந்தக் கம்பத்தடியில் ஒரே குடையில் நிற்கின்றனர்.