பம்பைக் கழற்றும் முன் புல்லியைப் பார்

வாட்டர் பம்ப் ஒழுகுகிற லாரியைக் கொண்டுவந்து நிறுத்தும் டிரைவர் கேட்பது ஏறக்குறைய ஒன்றேதான்: “மேஸ்திரி, சீலை மட்டும் மாத்திக் குடுத்துருங்க. ராத்திரிக்கு லோடு இருக்குதுங்க.” மாற்றித் தரலாம், அது பெரிய வேலையில்லை. ஆனால் சீல் தானாகக் கெட்டுப்போவது அபூர்வம். சாஃப்ட் ஆடினால் சீல் தேயும். பேரிங் போனால் சாஃப்ட் ஆடும். பேரிங் ஏன் போனது என்று கேட்டுக்கொண்டே வெளிப்பக்கமாக வந்தால் பெரும்பாலும் புல்லியில் வந்து நிற்போம். இல்லையென்றால் புல்லியின் முகத்தில் உட்கார்ந்திருக்கும் ஃபேனில், அல்லது அதை இழுக்கும் பெல்ட்டில். இவற்றைச் சரிசெய்யாமல் புது சீல் போட்டு அனுப்பினால், அந்த வண்டி மறுபடி என் வாசலுக்குத்தான் வரும்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் பட்டறை வைத்திருப்பவர்களுக்குப் பழைய டாடா 1210 தெரியாத வண்டியல்ல. நெடுந்தூர லைனிலிருந்து எப்போதோ இறங்கிவிட்டது. மிச்சமிருப்பவை தண்ணீர் டேங்கராகவும் சூளைக்கு மண் அடிக்கவும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதிலிருக்கும் 697 இஞ்சின் ஜெர்மன் வழி வந்தது. டெய்ம்லர்-பென்ஸோடு டாடா 1954-இல் போட்ட ஒப்பந்தம் 1969-இல் முடிந்தது. முன்னால் இருந்த பென்ஸ் நட்சத்திரம் போனது, இஞ்சின் வம்சம் தங்கிவிட்டது. 697 என்ற பேரிலேயே கணக்கும் இருக்கிறது: 6 சிலிண்டர், போர் 97 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக் 128, மொத்தம் 5,675 சிசி.

இந்த மாதிரி பழைய இஞ்சின்களில் ஃபேனுக்கென்று தனி ஆதாரம் கிடையாது. வாட்டர் பம்பின் புல்லியிலேயே போல்ட் போட்டு மாட்டியிருக்கும். ஆக, பம்புக்குள் இருக்கும் பேரிங் பெல்ட்டின் இழுப்பையும் தாங்க வேண்டும், ஃபேனின் எடையையும் தாங்க வேண்டும், அது காற்றைத் தள்ளும்போது வரும் எதிர்த்தள்ளலையும் தாங்க வேண்டும். ஃபேன் இறக்கையில் ஒன்று லேசாக வளைந்திருந்தாலோ நுனி உடைந்திருந்தாலோ, ஒவ்வொரு சுற்றுக்கும் பேரிங்குக்கு ஓர் அடி விழும். உடைந்த இறக்கைக்கு எதிர் இறக்கையையும் வெட்டிச் சமன் செய்துவிட்டேன் என்று சொல்பவர்கள் உண்டு. எடை ஒருவேளை சமமாகலாம், குறைந்த காற்று குறைந்ததுதான். ஃபேனை மாற்றுவதே வழி.

அதனால் ஸ்பேனரை எடுக்கும் முன் கையால் பார்க்கிற வேலை இருக்கிறது. இஞ்சினை நிறுத்திவிட்டு, ஃபேனின் எதிரெதிர் இறக்கைகளைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும். விரலுக்கு ஆட்டம் தட்டுப்பட்டால் பேரிங் முடிந்தது. பம்பின் கழுத்துக்குக் கீழே ஒரு சின்னத் துளை இருக்கும். சீலைத் தாண்டி வரும் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் வெளியேறுவதற்கென்றே வைத்தது. அதில் துருக்கோடு இறங்கியிருந்தால் சீல் தோற்று நாளாகிவிட்டது என்று பொருள். ஒழுகலை நிறுத்துவதாக நினைத்து அந்தத் துளையில் மரக்குச்சி செதுக்கி அடித்துக்கொண்டு வருகிற வண்டிகளைப் பார்க்கும்போதுதான் கோபம் வரும். வெளியே போக வழியில்லாத தண்ணீர் நேராக பேரிங்கின் கிரீஸுக்குள் இறங்குகிறது. சொட்டிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்திருக்க வேண்டிய வண்டி, பேரிங் உடைந்து, ஃபேன் ரேடியேட்டருக்குள் பாய்ந்து, நடுவழியில் நிற்கும்.

பிறகு புல்லியின் பள்ளம். பெல்ட்டைத் தளர்த்தி ஒதுக்கிவிட்டு டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வி-பெல்ட் இழுப்பது பக்கச்சுவர்களால். அடிப்பகுதி புல்லியின் அடியைத் தொடவே கூடாது. பள்ளத்தின் அடி கண்ணாடிபோல மினுங்கினால் பெல்ட் கீழே உட்கார்ந்துவிட்டது, பிடிப்புப் போய்விட்டது. சுவரில் ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பை வைத்தால் வெளிச்சம் தெரியக் கூடாது. பழைய புல்லிகளில், கிணற்றுக் கயிறு அறுத்த கல்லைப்போல, சுவர் குழிந்திருப்பது தெரியும். புது பெல்ட் அதில் வழுக்கும். வழுக்குகிறதே என்று டிரைவர் பெல்ட்டை இன்னும் இழுத்துக் கட்டுவார். அந்த இழுப்பு பேரிங்கின் தலையில் விடியும். ஒழுகலின் கதை பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு. “சமவெளியில ஒண்ணும் தெரியலீங்க, திம்பம் ஏறினா மட்டும் ஹீட் ஆகுது” என்று ஒருவர் சொன்னால் நான் முதலில் பெல்ட்டையும் புல்லியையும்தான் சந்தேகப்படுவேன். சமவெளியில் வண்டி ஓடுகிற வேகத்திலேயே ரேடியேட்டருக்குக் காற்று வந்துவிடும். ஏற்றத்தில் லோ கியரில் வண்டி ஊர்கிறது, இஞ்சின் முக்குகிறது. காற்று முழுக்க ஃபேன் தர வேண்டும். பெல்ட் வழுக்கினால் ஃபேனும் பம்பும் சேர்ந்தே மெதுவாகும். அது தெரியாமல் ரேடியேட்டரைக் கழற்றி ராடு அடித்து, காசைத் தொலைத்தவர்கள் பலர்.

கழற்றுவதில் பொறுமை வேண்டும். புல்லி வார்ப்பிரும்பு. விளிம்பில் சுத்தியல் பட்டால் சில்லு பெயரும், இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாமல் விரியும். புல்லர் போட்டு, நடுமுனையைச் சாஃப்ட்டின் மையத்தில் நிறுத்தி, இறுக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மண்ணெண்ணெய் கொஞ்சம் இறங்கட்டும். அசையவில்லை என்றால் புல்லியின் கழுத்தை மட்டும் சூடு காட்டலாம். பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரும் அப்படியே.

புல்லியின் துளை தேய்ந்து சாஃப்ட்டில் லூசாக இருந்தால், சாஃப்ட்டில் சுற்றிலும் பஞ்ச் குத்தி ஏற்றிவிடுவது ஊரறிந்த குறுக்குவழி. அந்த மேடுகள் நாளடைவில் அமுங்கிப்போகும். புல்லி மறுபடி ஆடும், இப்போது கோணலாகவும் ஆடும். லேத்தில் துளையைப் பெரிதாக்கி, புஷ் இறக்கி, சாஃப்ட்டின் அளவுக்குக் கடைந்து, பிரஸ்ஸில் ஏற்றுவதுதான் முறை. லேத்காரரிடம் ஒன்று சொல்ல மறக்கக் கூடாது: துளையையும் பள்ளத்தையும் ஒரே பிடியில் கடைய வேண்டும். கழற்றி மாட்டிக் கடைந்தால் இரண்டின் மையமும் விலகும்.

பேரிங்கை எண் பார்த்து வாங்கலாம். கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம்: 6305 என்றால் 25 மில்லிமீட்டர். ஏற்றும்போது உள்வளையம் இறுக்கமாக இருந்தால் உள்வளையத்தை அழுத்த வேண்டும், வெளிவளையம் என்றால் வெளிவளையத்தை. மாற்றி அழுத்தினால் விசை குண்டுகள் வழியாகப் போய், ஓடுபாதையில் சின்னச் சின்ன வடு விழும். கண்ணுக்குத் தெரியாது, வண்டி ஓடும்போது காதுக்குத் தெரியும். கடைசியில் புல்லியை ஏற்றும்போதும் இதே விதிதான். சாஃப்ட்டின் மறுமுனைக்கு அடியில் முட்டுக் கொடுத்துத்தான் அழுத்த வேண்டும். பம்பின் கூட்டைத் தாங்கவைத்து அழுத்தினால் புது பேரிங் மாட்டும்போதே பழசாகிவிடும்.

சீலில் இரண்டு முகம்: ஒன்று கரி, இன்னொன்று வெள்ளைப் பீங்கான். இரண்டும் உரசிக்கொண்டிருக்க, நடுவே நிற்கும் மெல்லிய தண்ணீர்ப் படலம்தான் அவற்றைக் காக்கிறது. எண்ணெய் விரல் அங்கே படவே கூடாது. சுத்தமான பருத்தித்துணியால் துடைத்து, ரப்பர் பாகத்துக்குச் சோப்புத் தண்ணீர் தடவி நேராக இறக்க வேண்டும். மாட்டி முடித்ததும், ஒலி எப்படி என்று பார்க்கத் தண்ணீர் ஊற்றாமல் இஞ்சினை ஸ்டார்ட் செய்கிற ஆர்வக்கோளாறு நம் ஆட்களுக்கு உண்டு. அந்தச் சிறு நேரத்திலேயே சீலின் முகம் கருகிவிடும். இம்பெல்லருக்கும் கூட்டுக்கும் இடையே ஃபீலர் விட்டுப் பார்த்து, கம்பெனி சொன்ன இடைவெளியை வைக்க வேண்டும். அதிகமானால் தண்ணீர் தள்ளப்படாமல் உள்ளேயே சுழலும்.

தெர்மோஸ்டாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வெயிலுக்கு அது வேண்டாம் என்று பிடுங்கி எறிந்தவர்கள்தான் அதிகம். ரேடியேட்டருக்குப் போகாமல் திரும்பும் பைபாஸ் வழியை, சூடானதும் அடைக்கிற வகை தெர்மோஸ்டாட்டாக இருந்தால், அதைப் பிடுங்கியதும் அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும். ஒரு பங்குத் தண்ணீர் ஆறாமலே இஞ்சினுக்குத் திரும்பும். பம்பைக் குறை சொல்லிக்கொண்டு வருகிற சில வண்டிகளில் உண்மையான குறை இதுதான். உப்புத் தண்ணீர் ஊற்றி ஹெட்டுக்குள் காரை கட்டவிட்டவர்களின் கதை தனி.

பெல்ட் ஓடுகிற புல்லிகள் எல்லாம் ஒரே வரிசையில் இருக்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்த்து, பெல்ட்டைப் போட்டு, நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு விரல் கனம் இறங்குகிற அளவுக்கு இழுத்தால் வேலை முடிந்தது. ஆனால் புது பெல்ட் முதல் ஓட்டத்திலேயே கொஞ்சம் நீளும். திரும்பி வந்ததும் ஒருமுறை இழுத்துக் கட்ட வேண்டும். இதை ஓனரிடம் சொன்னால் டிரைவரிடம் போகாது. டிரைவரிடம் சொன்னால் லோடு அவசரத்தில் மறந்துபோகும். கிளீனர்ப் பையன் இருக்கிற வண்டி என்றால் அவனைக் கூப்பிட்டு, எந்த நட்டைத் தளர்த்தி எந்தப் பக்கம் நெம்ப வேண்டும் என்று அவன் கையாலேயே ஒருதரம் செய்யவைத்து அனுப்புவேன். கிளீனர் இல்லாமல் ஓடுகிற வண்டிகள் பெருகிவிட்ட இந்தக் காலத்தில், டேங்கர் வண்டிக்காரர்கள் உள்ளூரிலேயே சுற்றுவதால் அவர்களை நானே தடுத்து நிறுத்தி பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.