பூஜ்யமும் ஓர் எழுத்தும்

மோட்டார் இன்ஷியூரன்ஸ் பத்திரம் வந்தால் பலர் தொகையை மட்டும் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். எனக்கோ எழுத்துக் கூட்டிப் படிக்கும் வியாதி உண்டு. சென்ற மாதம் வந்த பத்திரத்தைப் பதிவுச் சான்றிதழோடு ஒப்பிட்டபோது, என் காரின் சாஸி எண்ணில் பூஜ்யம் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில 'ஓ' எழுத்து வீற்றிருந்தது!

வேடிக்கை என்னவென்றால், 17 இலக்கங்கள் கொண்ட அந்த எண்ணில் 'ஐ', 'ஓ', 'க்யூ' என்னும் எழுத்துக்கள் வரவே கூடாதென்பது சர்வதேச விதி. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் என்றே அவற்றை விலக்கினார்கள். குமாஸ்தா அந்த முன்யோசனையையும் வென்றுவிட்டார்.

"ஓர் எழுத்துத்தானே, ஸார்!" என்றார் கம்பெனிக்காரர்.

எழுத்துத்தான். ஆனால் 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் இன்ஷியூரன்ஸைக் கட்டாயமாக்கியிருப்பது தெருவில் அடிபடும் அந்நியரை உத்தேசித்தல்லவா? அவர் ஆஸ்பத்திரியில் கிடக்க, "இது வேறு வண்டி" என்று கம்பெனி வக்கீல் வாதாடுவதற்கு அந்த ஓர் எழுத்து இடம் கொடுத்துவிடலாமே!

வாய்மொழியை நம்பாமல், சான்றிதழின் நகலை இணைத்து எழுத்து மூலம் கேட்டேன். ஒன்பதாம் நாள் 'எண்டார்ஸ்மெண்ட்' என்கிற திருத்தத் தாள் வந்தது. பத்திரத்தோடு சேர்த்துத் தைத்துவிட்டேன். அதிலும் என் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்த பிறகுதான்.