லோன்ஷான் வாசலில் நிற்கும் குதிரை

பாரிஸ்

அன்புள்ள நண்பருக்கு,

இங்குள்ள லோன்ஷான் பந்தயத் திடலின் வாசலில் ஒரு வெண்கலக் குதிரை நிற்கிறது. பெயர் கிளாடியத்தர். டூ தவுசண்ட் கினீஸ், டெர்பி, செயின்ட் லெஜர் ஆகிய இங்கிலாந்தின் மூன்று பெரும் பந்தயங்களையும் 1865-இல் வென்ற பிரெஞ்சுக் குதிரை அது. அதற்கு முன் வெளிநாட்டில் பிறந்த எந்தக் குதிரையும் டெர்பியை வென்றதில்லை. வாட்டர்லூ போரில் பிரான்ஸ் தோற்றுச் சரியாக 50 ஆண்டு கழித்துக் கிடைத்த வெற்றியாதலால், வாட்டர்லூவுக்குப் பழிதீர்த்த குதிரை என்று அதைக் கொண்டாடினார்கள். மறு ஆண்டு ஆஸ்காட் கோல்ட் கப்பில் 40 குதிரை நீளம் முந்திப்போய் வென்றது. இப்பேர்ப்பட்ட குதிரைக்குச் சிலை என்றால் பிடரி பறக்கப் பாய்வதாகத்தான் எதிர்பார்ப்போம். சிற்பி இசிடோர் போனரோ அதை நிற்க வைத்துவிட்டார். முதுகில் ஜாக்கிகூட இல்லை. அவர் செய்ததே சரி என்பது என் கட்சி.

லூவர் அருங்காட்சியகத்தில் ஜெரிக்கோ 1821-இல் தீட்டிய எப்சம் டெர்பி ஓவியம் இருக்கிறது. கறுத்த வானத்தின் கீழ் நான்கு குதிரைகள். எல்லாவற்றுக்கும் முன்கால்கள் முன்னே, பின்கால்கள் பின்னே நீண்டிருக்கின்றன, ஒரு குளம்பும் தரையில் இல்லை. மனதை அள்ளும் படம்தான். ஆனால் எந்தக் குதிரையும் அப்படி ஓடுவதில்லை. 1878-இல் மைபிரிட்ஜ் கலிபோர்னியாவில் எடுத்த புகைப்படங்கள் அதை நிரூபித்தன: நான்கு கால்களும் தரையை விட்டு எழும் கணத்தில் அவை வயிற்றுக்கடியில் மடங்கிக் குவிந்திருக்கின்றன. கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தைக் கலைஞர்கள் ஊகித்தே வரைந்து வந்தார்கள். நிற்கும் குதிரையில் ஊகத்துக்கு வேலையில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உற்றுப் பார்த்துச் சரிபார்க்கலாம்.

வெண்கலத்தில் பாய்ச்சலை வார்ப்பது கடினம், அதனால்தான் நிற்க வைத்தார் என்று சொல்லலாம். ஆனால் 1640-லேயே சிற்பி பியெத்ரோ தாக்கா, ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்பை, முன்னங்கால் தூக்கிய குதிரைமீது ஏற்றி வார்த்துக் காட்டிவிட்டார். அது இன்றும் மத்ரீதில் நிற்கிறது. எனவே கைத்திறன் ஒரு காரணமாகாது. நிற்கும் கோலம், சொத்தைக் காட்டிப் பெருமைப்படும் உரிமையாளர்களின் வழக்கம் என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். வழக்கம் அங்கிருந்து வந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் குதிரை தெரிந்தவர்கள் பார்ப்பதும் இந்தக் கோலத்தைத்தான். ஏலத்தில் வாங்க வந்தவரும், பந்தயத்துக்குமுன் குதிரைகளை நடத்திக் காட்டும் பேடாக்கில் வேலியோரம் நிற்பவரும் தோள்பட்டையின் சாய்வையும் பின்தொடையின் திரட்சியையும் அளந்துவிட்டுக் கண்ணைக் கீழே இறக்குவார்கள். குதிரைக்கு முழங்காலுக்குக் கீழே தசை கிடையாது. எலும்பும் தசைநாண்களும்தான். அந்த மெலிந்த தண்டுகள்தான் அத்தனை எடையையும் வேகத்தையும் தாங்குகின்றன. கிளாடியத்தருக்கோ கால் கோளாறு. அடிக்கடி நொண்டிய குதிரை. அதன் வெற்றியின் அருமை அந்தக் கால்களைப் பார்த்தால்தான் விளங்கும்; பாய்கிற சிலையில் அவற்றை யார் கவனிப்பார்கள்?

ஓவியர் தெகா மெழுகில் பிடித்த ஓடும் குதிரைகளை நீங்கள் எடுத்துக்காட்டலாம். அவர் மறைந்தபின் வெண்கலமான அந்தச் சிறு உருவங்களில் உயிர் துள்ளுகிறது. ஆனால் அவற்றுக்குப் பெயர் இல்லை. அவர் தேடியது அசைவை, ஒரு குறிப்பிட்ட குதிரையை அல்ல. நினைவுச் சிலைக்கு இன்ன குதிரை என்ற அடையாளம் வேண்டும். அமெரிக்காவின் கென்டக்கியில் மேன் ஓ வார் என்ற பந்தயக் குதிரைக்கு ஹெர்பர்ட் ஹேசல்டைன் வார்த்து 1948-இல் திறக்கப்பட்ட பெரிய வெண்கலமும் நின்ற கோலத்தில்தான் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் நண்பன்