சயாம் ரயில் பாதைக்குப் போய் வந்தோம்



போன பள்ளி விடுமுறையில நம்ம கோவில் தொண்டர்கள் 14 பேர் தாய்லாந்து காஞ்சனபுரிக்குப் போயிட்டு வந்தோம். "அங்க என்ன கோவில் இருக்கு?"ன்னு பல பேர் கேட்டீங்க. நாங்க போனது நம்ம பாட்டன், பூட்டன் வேலை செஞ்ச சயாம் மரண ரயில் பாதையைப் பார்க்க.

ஜப்பான்காரன் காலத்துல, 1942-43ல், தாய்லாந்தின் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை போட்டாங்க. வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளிகள் அதைப்போல மூணு மடங்கு. மலாயா தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை, மூணு மாசத்துல திரும்பிடலாம்னு சொல்லி ஏத்திக்கிட்டுப் போனாங்க.

காஞ்சனபுரி ஊர் நடுவுலயே போர்க்கைதிகள் கல்லறை இருக்கு. கிட்டத்தட்ட 7,000 பேர். புல் வெட்டி, பூச்செடி வச்சு, கல்லுக்குக் கல் பேர், வயசு. பார்க்க மனசுக்கு நிறைவாத்தான் இருந்துச்சு. ஆனா நம்ம ஆளுங்களுக்கு அப்படி ஒரு கல்லும் இல்ல. கைதிகளோட அதிகாரிங்களும் டாக்டருங்களும் ஒளிச்சு வச்சாவது கணக்கு எழுதினாங்க. காலராவுல கொத்துக்கொத்தா செத்த தோட்டத் தொழிலாளிக்குக் கணக்கு எழுத யார் இருந்தா?

அதே ஊர்ல தாவோர்ன் புத்தர் கோவில்ல, மலேசியத் தமிழர்கள் முயற்சியில 2023ல் வச்ச நடுகல் இருக்கு. அங்க விளக்கேத்தி, தேவாரம் பாடி, தெரிஞ்ச பேரையெல்லாம் சொல்லி வணங்கினோம். எங்களோட வந்த ஒரு அக்கா, "எங்க தாத்தா பேரை இவ்வளவு சத்தமா யாரும் சொல்லி நான் கேட்டதே இல்ல"ன்னாங்க.

மறுநாள் நாம் தோக் வரை ரயில்ல போனோம். தாம் கிராசேயில மலையை ஒட்டி மரப்பாலத்துல ரயில் ஊர்ந்து போகுது, கீழே ஆறு. ஹெல்ஃபயர் கணவாயில கையாலயே குடைஞ்ச பாறையைத் தொட்டுப் பார்த்தோம். நாம் தோக்குக்கு அப்புறம் தண்டவாளம் இல்ல, வேன்லதான் போகணும். மோன் மக்கள் வாழுற சங்லாபுரியில பொம்பளைங்க நம்ம சந்தனம் மாதிரி தனக்கா பூசிக்கிட்டு நடக்கிறாங்க. கடைசியா மூன்று பகோடா கணவாய். சின்னதா மூணு வெள்ளைக் கோபுரம், அந்தப் பக்கம் மியன்மார். பாதை அங்கேயும் நிக்கல. எல்லை தாண்டி இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல போச்சு. அங்க கிடக்கிறவங்களுக்கும் சேர்த்து எல்லைக்கு இந்தப் பக்கமே நின்னு கும்பிட்டோம்.

இப்போ ஒரு வேண்டுகோள். திதி தெரியாதவங்களுக்கு உரிய நாள் மகாளய அமாவாசை. உங்க குடும்பத்துல சயாமுக்குப் போய்த் திரும்பாதவங்க பேரையும், அவங்க இருந்த தோட்டத்தின் பேரையும் கோவில் கவுண்டர்ல இருக்கிற நோட்டுல எழுதிக் கொடுங்க. முழுப்பேர் தெரியலன்னா வீட்டுல கூப்பிட்ட பேர் போதும். தர்ப்பணத்துல எல்லாப் பேரையும் வாசிப்போம். வீட்டுல பெரியவங்க இருக்கும்போதே கேட்டு வச்சுக்குங்க.

எல்லாரும் நல்லா இருக்கணும். ஓம் நமசிவாய.