எங்கள் வீட்டு வண்டியும் வியாழக்கிழமையும்

பசித்த குழந்தை அழும். தாகம் எடுத்த மாடு கத்தும். வாடிய செடி தலை சாய்க்கும். ஆனால் ஒரு மோட்டார் சைக்கிள் தனக்கு வேண்டியதை எப்படிச் சொல்லும்? பெரும்பாலும் நடுவழியில் நின்று போன பிறகுதான் சொல்லும். அதற்கு முன்பே அதன் தேவையை அறிந்து, பட்டறையில் விடும் நாளைக் குறிப்பது எப்படி என்பதே எங்கள் கட்டுரையின் பொருள். பெண்கள் பள்ளி ஆண்டு மலரில் இது என்ன பேச்சு என்று சிலர் நகைக்கக்கூடும். எங்கள் வீட்டில் அந்த நாளைக் குறிப்பவர்கள் அக்காவும் தங்கையுமாகிய நாங்கள்தாம். ஆகவே எழுதத் துணிந்தோம்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் வழியை நம் தோழியரில் பலர் அறிவர். 1985-ஆம் ஆண்டு வரை பழைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த வறண்ட பூமி இது. கரிசல் மண், கண்மாய்க் கரை, பனை மரங்கள், எங்கு நோக்கினும் சீமைக் கருவேலம். குண்டாற்றில் தண்ணீரைக் காணும் நாட்கள் குறைவு. உள்ளூர்களுக்குச் செல்லும் பஸ்ஸைத் தவற விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். இங்கே வண்டி என்பது ஆடம்பரம் அன்று. அது ஒரு குடும்பத்தின் கால்.

எங்கள் அப்பா வாரத்தில் ஐந்து நாட்கள் நூல் கட்டுகளைத் தறி வீடுகளுக்குக் கொண்டு செல்கிறார். நெய்த சேலைகளைத் திரும்ப எடுத்து வருகிறார். புதன்கிழமை மட்டும் வேறு வேலை. தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள் என்பதைக் குழந்தை பெற்ற தாய்மார் எல்லாரும் அறிவர். அன்று ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மருந்துப் பெட்டியை எடுத்துச் சென்று, கிராமத்தில் காத்திருக்கும் செவிலியரிடம் சேர்க்க வேண்டும். மிஞ்சிய மருந்தை அன்றே திரும்ப ஒப்படைக்கவும் வேண்டும். பெட்டிக்குள் சுற்றிலும் நான்கு ஐஸ் பொதிகள் இருக்கும். மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிருக்குள் இருந்தாக வேண்டும். வெளியே கொளுத்தும் வெயிலில் வண்டி நின்றால், நிற்பது வண்டி மட்டுமா?

சர்வீஸ் நாளைப் பற்றி எங்கள் வீட்டில் மூன்று கட்சிகள் உண்டு. அப்பா காதை நம்புகிறவர். “சத்தம் மாறட்டும் தாயி, அப்புறம் பார்க்கலாம்” என்பார். மாமா புத்தகத்தை நம்புகிறவர். வண்டியோடு வந்த கையேட்டில் 3000 கிலோமீட்டர் அல்லது குறிப்பிட்ட மாதங்கள், இரண்டில் எது முந்துகிறதோ அப்போது என்று எழுதியிருக்கிறது. அம்மாவோ பணப்பையை நம்புகிறவர். “ஆயுத பூசைக்கு எப்படியும் கழுவத்தானே போகிறோம்” என்று நாளைத் தள்ளுவார்.

மூவர் சொல்வதிலும் உண்மை உண்டு. மூவர் சொல்வதிலும் குறையும் உண்டு. காதை நம்பும் வழக்கம் தாத்தா காலத்தது. 1980-இல் வெளிவந்த டி.வி.எஸ். 50 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து ஊற்றுவார்கள். அந்த எண்ணெயும் சேர்ந்து எரிவதால் சைலன்ஸரில் கரி அடையும், இழுவை குறையும், புகை கூடும். அந்த வண்டி தன் குறையை வாய்விட்டுச் சொல்லிவிடும். இன்றைய ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி அப்படியன்று. அதன் எண்ணெய் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி வந்து உழைக்கிறது; உராய்வில் உதிரும் துகளையும் எரிபொருளின் கசடையும் தாங்கித் தாங்கிக் கறுத்துப் போகிறது. அது கெட்டுப்போவது வெளியே கேட்காது. சத்தம் மாறும்போது தேய்மானம் ஏற்கெனவே நிகழ்ந்திருக்கும்.

அப்படியானால் புத்தகத்தை மட்டும் நம்பலாமா? அப்பா நாளொன்றுக்குச் சுமார் 45 கிலோமீட்டர் ஓட்டுகிறார். மாதம் 26 நாட்களுக்கு 1170 கிலோமீட்டர். இரண்டரை மாதத்தில் ஏறத்தாழ 3000 ஆகிவிடும். ஆனால் மதுரை - தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் ஓடும் 3000-மும், கரிசல் புழுதிப் பாதையில் ஓடும் 3000-மும் ஒன்றல்ல. ஆடி மாதக் காற்றில் எழும் புழுதி ஏர் ஃபில்டரை அடைக்கிறது. காற்று குறைந்தால் பெட்ரோல் வீணாகிறது. ஃபில்டரையும் தாண்டித் தூசி உள்ளே நுழைந்தால், உப்புத்தாள் போலச் சிலிண்டரைத் தேய்க்கிறது. அதனால்தான் புழுதி மிகுந்த இடங்களில் இன்னும் விரைவில் கவனிக்கவேண்டும் என்று அதே கையேடு தனியாகச் சொல்கிறது. மாமா அந்த வரியைப் படித்துக் காட்டியதில்லை.

2023-ஆம் ஆண்டு ஆடியில் இந்த வழக்கு எங்கள் முன் வந்தது. கடந்த சர்வீஸுக்குப் பின் ஓடியது 1950 கிலோமீட்டர். ஜூன் மாதப் பள்ளிச் செலவில் அம்மாவின் பை இளைத்திருந்தது. அப்பாவின் காதுக்கு ஒரு குறையும் கேட்கவில்லை. நாங்கள் திருப்புளியை எடுத்து ஃபில்டர் மூடியைத் திறந்தோம். உள்ளே வெள்ளையாய் இருக்க வேண்டிய தாள் கரிசல் காட்டின் நிறத்தில் இருந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் பணம் இருந்தது.

அன்று ஓர் உண்மை விளங்கியது. சர்வீஸ் என்பது பிரிக்க முடியாத ஒரே மூட்டை அன்று. எண்ணெய்க்குக் கிலோமீட்டர் கணக்கு. ஓடாமல் நின்றாலும் மாதக் கணக்கு. ஃபில்டருக்குப் புழுதிக் கணக்கு. செயினுக்கு வாரக் கணக்கு. அதை வீட்டிலேயே துடைத்து எண்ணெய் இடலாம். கையால் தூக்கிப் பார்த்தால் சுமார் 2, 3 செ.மீ. ஆட்டம் இருப்பது சரி. பிரேக்குக்கோ கணக்கே கிடையாது; பிடிப்புக் குறைந்தால் அன்றே பார்க்க வேண்டும், காசில்லை என்று தள்ளக்கூடாது. அந்த ஆடியில் ஃபில்டரையும் எண்ணெயையும் மட்டும் மாற்றினோம். மற்றவை 3000 வரை பொறுத்தன. பை தாங்கியது; வண்டியும் தாங்கியது. ஆயுத பூசைக்குக் கழுவிப் பொட்டு வைப்பது வண்டிக்கு மரியாதை. ஆனால் அது வைத்தியம் ஆகாது.

எந்தக் கிழமை என்பதும் சிறிய கேள்வியன்று. செவ்வாய்க்கிழமை பட்டறையில் விட்டால் புதன் காலை வண்டி வராமல் போகலாம். வந்தாலும், முடுக்காமல் விட்ட ஒரு போல்ட் கழன்று வீழ்வது மருந்துப் பெட்டி ஏறிய அன்றாக இருக்கலாம். வியாழனன்று கொடுத்தால், அடுத்த புதனுக்கு முன் நூல் கட்டோடு சில நாட்கள் ஓடிப் பரீட்சை எழுதிவிடும். எங்கள் நோட்டுப் புத்தகத்தில் சர்வீஸ் நாட்கள் எல்லாம் வியாழக்கிழமைகளே.

அதே ஆண்டு ஒரு புதன்கிழமை, கண்மாய்க் கரையில் கருவேல முள் ஏறி டயர் பஞ்சர் ஆயிற்று. அப்பா பெட்டியைத் திறக்காமல் மர நிழலில் வைத்து, எதிரே வந்த பால்காரர் வண்டியில் ஏறி, செவிலியரிடம் கொண்டு சேர்த்தார். வேப்ப மரத்தடியில் தாய்மார் கைக்குழந்தைகளோடு காத்திருந்தார்களாம். ஐஸ் உருகவில்லை, ஊசி போடுவதும் தடைப்படவில்லை.

“சர்வீஸ் செய்தும் நின்றுதானே போனது” என்று மாமா சிரித்தார். நாங்கள் அதைப் பலநாள் யோசித்தோம். முள்ளுக்கு நாள் குறிக்க எந்த நோட்டாலும் முடியாது. அதனாலேயே நாள் குறிக்கக் கூடியவற்றையெல்லாம் குறித்துவிட வேண்டும். அன்று முள்ளோடு செயினும் அறுந்து, பிரேக்கும் பிடிக்காமல் போயிருந்தால் அப்பாவின் நிலை என்ன? அறிய முடியாத ஒரு தொல்லையைச் சமாளிக்க மனிதனுக்கு வலிமை உண்டு. தடுக்கக்கூடிய இரண்டு தொல்லைகளையும் அதனோடு ஏன் சேர்க்க வேண்டும்?

தோழியரே, உங்கள் வீட்டிலும் ஒரு வண்டி இருக்கும். அப்பாவோ அண்ணனோ அதில்தான் போய் வருவார்கள், அம்மாவும் ஓட்டலாம். ஒரு பழைய நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியின் மீட்டரில் இன்று உள்ள எண்ணை எழுதுங்கள். கடைசியாக எண்ணெய் மாற்றிய தேதியைக் கேட்டு அதன் பக்கத்தில் எழுதுங்கள். கணக்குப் பாடத்தில் கற்ற கூட்டலும் கழித்தலும் போதும். வண்டி பேசாது, அதற்காகப் பேச வீட்டில் ஒருத்தி இருந்தால், மாலையில் வாசலில் விளக்கேற்றி வைத்துக் காத்திருப்பவர்களின் கவலை பாதி குறையும்.